ஈரச் சாலையில் சறுக்கிய பிறகு வளைவுகளில் வரும் தயக்கம்: டயரை மாற்றுவதா, காற்றைச் சரிபார்ப்பதா?

வியாசர்பாடியான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியிலிருந்து மூலக்கடை, மாதவரம் வழியாக மணலிக்கு நாள்தோறும் 150 சிசி வண்டியில் வேலைக்குச் சென்று வருகிறேன். வண்டி வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின் டயரை இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாற்றினேன். முன் டயர் வண்டியோடு வந்ததுதான். அதில் பொத்தான்கள் (சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) இன்னும் தேயாமல் இருப்பதால் மாற்ற வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இரண்டும் டியூப்லெஸ் டயர்கள். முன்னால் 80/100-17, பின்னால் 100/90-17.

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில், மூலக்கடைக்கு அருகே சாலைப் பணிக்காகப் பதித்திருந்த இரும்புத் தகட்டின் மேல் வண்டியை இடப்பக்கம் திருப்பியபோது முன் சக்கரம் வழுக்கியது. வேகம் 35-ஐத் தாண்டியிருக்காது. கால் ஊன்றிச் சமாளித்துவிட்டேன், விழவில்லை. ஆனால் பின்னால் வந்த கன்டெய்னர் லாரி பிரேக் பிடித்த ஓசை இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து, சாலை காய்ந்திருந்தாலும்கூட, ஒவ்வொரு வளைவிலும் நடக்கும் வேகத்துக்கு வந்துவிடுகிறேன். தோள்கள் இறுகிவிடுகின்றன. பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி, "வண்டியை ஓட்டுவது போல இல்லை, உருட்டிக்கொண்டு போவது போல இருக்கிறது" என்று சொல்லிவிட்டார்.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அலுவலக நண்பர் பின்னால் 120/80-17 போட்டால் வண்டி சாலையோடு ஒட்டிக்கொள்ளும் என்கிறார். மெக்கானிக் அண்ணன், மணலிச் சாலைக்குக் கட்டை கட்டையாகப் பொத்தான் வைத்த டயர்தான் சரி என்கிறார். பஞ்சர் கடைக்காரரோ டயரைத் தொடவே வேண்டாம், மழைக்காலத்தில் காற்றைக் குறைத்து வைத்தால் போதும் என்கிறார். கையில் 6,000 ரூபாய் வரை இருக்கிறது. எதை முதலில் செய்வது?

எர்ணாவூர் பாலம்:

நண்பரே, டயர் அளவை எழுதியிருக்கிறீர்கள், ஓடிய கிலோமீட்டரை எழுதியிருக்கிறீர்கள். இரண்டு சக்கரங்களிலும் இப்போது எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை மட்டும் எழுதவில்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தி, "அடிச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்போம்; அவரும் எந்த வண்டி வந்தாலும் முன்னால் 30, பின்னால் 40 என்று கைப்பழக்கத்தில் அடித்து அனுப்பிவிடுவார். உங்கள் வண்டியில் செயின் கவரிலோ பின் ஃபோர்க்கிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அல்லது கையேட்டில் இருக்கும். 150 சிசி வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் 25, தனியாக ஓட்டினால் பின்னால் 28, இருவர் என்றால் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்பதற்கு அருகில்தான் எழுதியிருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அடிக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு அல்ல.

அளப்பதற்கும் ஒரு நேரம் உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் கிளம்புவதற்கு முன் அளக்க வேண்டும். ஓடிய டயர் சூடாகும், சூடானால் உள்ளே காற்றழுத்தம் ஏறும். 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். மாதவரத்திலிருந்து வெயிலில் ஓட்டி வந்து பங்கில் சரியாக 28 வைத்தால், மறுநாள் காலையில் அது 25 அல்லது 26 ஆகத்தான் இருக்கும். ஆகவே ஒரு கைக்கருவி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும், பங்கிலுள்ள கருவி எவ்வளவு பொய் சொல்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

மழையில் காற்றைக் குறைக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். கடற்கரை மணலில் புதையாமல் போகக் காற்றைக் குறைப்பது உண்மைதான். அந்தப் பழக்கம் எப்படியோ தார்ச்சாலைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றுவதற்காக இருப்பவை. காற்று குறைந்தால் டயர் நடுவில் உள்வாங்கி அந்தப் பள்ளங்கள் நெருங்கிவிடும், தண்ணீர் போக வழி இருக்காது. தண்ணீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, விமானச் சக்கரங்களைச் சோதித்து வகுத்த ஒரு பழைய கணக்கு உண்டு. அதன்படி 28 பிஎஸ்ஐக்கு அந்த வேகம் மணிக்கு 88 கிலோமீட்டர். 16 பிஎஸ்ஐக்கு 67. இருசக்கர டயர் உருண்டை வடிவம் என்பதால் நம் விஷயத்தில் எண்கள் அப்படியே பொருந்தாது. காற்று குறையக் குறைய மிதக்கும் வேகமும் குறைகிறது என்பது மட்டும் பொருந்தும். நீங்கள் 35-இல் போனதாகச் சொல்கிறீர்கள், ஆகவே தண்ணீர் உங்களைத் தூக்கவில்லை. வேறு ஏதோ நடந்திருக்கிறது. முதலில் அளந்து சொல்லுங்கள்.

வியாசர்பாடியான்:

இன்று காலை ஆறு மணிக்கு, வண்டியைத் தொடாமல் அளந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது: முன்னால் 16, பின்னால் 41. பின் சக்கரத்துக்குப் போன வாரம்தான் கடையில் காற்று அடித்தேன். முன் சக்கரத்துக்கும் அடித்ததாகத்தான் நினைவு. ஸ்டிக்கரில் நீங்கள் சொன்னபடியே 25, 28, 32 என்றுதான் இருக்கிறது. ஏழு ஆண்டுகளாக அதைத் துடைத்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

எர்ணாவூர் பாலம்:

வெட்கப்பட ஒன்றுமில்லை; உங்கள் பயத்தில் பாதி அந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது. முன்னால் 16 என்றால் ஹேண்டில் கனமாக இருக்கும், வளைவில் வண்டி தானாக உள்ளே சாய்வது போலவும் பிறகு இழுத்து நிமிர்த்த வேண்டியிருப்பது போலவும் தோன்றும். பின்னால் 41 என்றால் டயர் கல்லைப் போல இருக்கும், ஒவ்வொரு ஒட்டுப் போட்ட இடத்திலும் குதிக்கும். முன்பக்கம் தளர்ந்து பின்பக்கம் துள்ளும் வண்டியில் யாருக்குத்தான் தைரியம் வரும்? முன் சக்கரத்தில் வால்வின் மூடியைக் கழற்றி, அதன் வாயில் ஒரு சொட்டு சோப்பு நீர் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் அங்கேதான் கசிவு. வரவில்லை என்றால் ரிம்மின் ஓரம் முழுவதும் பார்க்க வேண்டும்.

ஒற்றியூர் ரப்பர்காரர்:

தம்பி, நான் ஒரு டயர் ஆலையில் தர ஆய்வுப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயர் வேண்டாம். எங்கள் திருவொற்றியூருக்கு இந்தப் பேச்சு புதிதல்ல, எம்.ஆர்.எஃப். 1946-இல் பலூன் செய்யும் சிறு தொழிலாக ஒரு கொட்டகையில் தொடங்கியது இங்கேதான், என்ஃபீல்டு வண்டிகள் பல்லாண்டு உருவானதும் இங்கேதான். ஆகவே டயரையும் வண்டியையும் பற்றித் திண்ணையில் பேசுவது எங்களுக்குப் பரம்பரை வழக்கம், கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றி மேலே சொன்னவர் சரியாகவே சொல்லிவிட்டார். எனக்கு உறுத்துவது உங்கள் முன் டயர். பொத்தான் தேயவில்லை என்பதால் டயர் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். டயரின் பக்கவாட்டில், ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு அது செய்யப்பட்ட வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஏழு ஆண்டு வெயிலிலும் கடற்காற்றிலும் நின்ற ரப்பரிலிருந்து அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும், காற்றிலுள்ள ஓசோன் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். கட்டை விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பரில் நகம் பதிந்து மீளும். கெட்டிப்பட்டதில் நகம்தான் வலிக்கும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து ஆண்டு ஆகிவிட்டால் பார்க்க எப்படியிருந்தாலும் கழற்ற வேண்டும் என்று டயர் நிறுவனங்கள் பலவும் அறிவுறுத்துகின்றன. முன் சக்கரம் என்பதால் நான் பத்து வரை காத்திருக்க மாட்டேன். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால்தான் வந்து விழுகிறது, பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் சமாளித்தவர்கள் குறைவு. நீங்கள் சமாளித்திருக்கிறீர்கள், அது அதிர்ஷ்டம்.

இனி 120/80 விஷயம். 100/90-17 என்றால் டயரின் அகலம் 100 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 90 விழுக்காடு, ரிம்மின் குறுக்களவு 17 அங்குலம். அதை 120/80 ஆக்கினால் அகலம் 20 மில்லிமீட்டர் கூடும், பக்கவாட்டு உயரம் 96 மில்லிமீட்டர் ஆகும், அதாவது சக்கரத்தின் மொத்தக் குறுக்களவு 12 மில்லிமீட்டர் வளரும். செயின் கவரில் உரசுமா, மட்கார்டில் உரசுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் ரிம் 100-க்காகச் செய்யப்பட்டது. அதில் அகலமான டயரை மாட்டும்போது இரு ஓரங்களும் உள்ளே இழுக்கப்பட்டு டயர் முட்டை போலக் கூம்பிவிடும். அகலமாக வாங்கிய டயர் சாலையில் அந்த அளவுக்கு அகலமாக உட்காராது. வண்டி சாய்வதற்கு முன்பைவிட அதிக பலம் கேட்கும், மைலேஜும் குறையும். இத்தனையும் செய்து பின் சக்கரத்துக்குப் பணம் கொடுக்கப் போகிறீர்கள், வழுக்கியதோ முன் சக்கரம்!

அளவுக்குப் பின்னால் இருக்கும் 55P போன்ற குறியையும் பாருங்கள். 55 என்றால் அந்த டயர் 218 கிலோ சுமக்கும், P என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும். புதிய டயரின் எண் பழையதைவிடக் குறையக் கூடாது. அந்த 218 கிலோவும் காற்று சரியாக இருந்தால்தான். பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் காற்றுதான், ரப்பர் அதைக் கட்டி வைத்திருக்கும் பைதான்.

ஆகவே என் யோசனை: முன்னால் அதே 80/100-17 அளவில், சாலைக்கென வரையப்பட்ட பள்ளங்கள் உள்ள டயரை, அண்மையில் செய்யப்பட்டதா என்று வார எண்ணைப் பார்த்து வாங்குங்கள். டயரோடு வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். அதன் விலை சொற்பம், பழைய வால்வை விட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் ஏராளம். பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் உருளும் திசையில் இருக்கிறதா என்று கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். புது டயரின் மேற்பரப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்போடு இருக்கும், அது போகும் வரை முதல் 150 கிலோமீட்டருக்கு வண்டியை அதிகம் சாய்க்கவும் வேண்டாம், திடீரென்று பிரேக் பிடிக்கவும் வேண்டாம்.

சரக்கு வண்டிக்காரன்:

ஐயா சொன்னதில் ஒன்றை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நான் பொருள் விநியோகம் செய்பவன். திருவொற்றியூர் நெடுஞ்சாலை, எண்ணூர் விரைவுச் சாலை, மணலி, மாதவரம் உள்வட்டச் சாலை என்று நாளொன்றுக்கு 90 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். லாரிகள் அரைத்துவிட்ட பள்ளங்களிலும், அவை கொட்டிவிட்டுப் போகும் ஜல்லியிலும் சாலை டயர் என்னை இரண்டு முறை கீழே போட்டது. கட்டைப் பொத்தான் டயர் மாட்டிய பிறகு பள்ளங்களைக் கண்டு பயமில்லை. கன்டெய்னர் யார்டுகளின் பக்கம் ஆணி, கம்பித் துண்டு, லாரி டயரிலிருந்து பிய்ந்த கம்பி எல்லாம் கிடக்கும். கனமான பொத்தான் உள்ள டயரில் அவை உள்ளே வரை போவதும் குறைவாக இருக்கிறது. டயரைச் சாலை பார்த்து வாங்க வேண்டும், புத்தகம் பார்த்து வாங்கக் கூடாது என்பது என் எண்ணம். டியூப்லெஸ் பஞ்சர் போடும் சாமான்களையும் ஒரு சிறிய பம்பையும் இருக்கைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் மணலிப் பக்கம் பஞ்சர் கடை தேடுவது பெரும்பாடு.

ஒற்றியூர் ரப்பர்காரர்:

உங்கள் வேலைக்கு உங்கள் தேர்வு தவறு என்று சொல்ல மாட்டேன். மண்ணும் ஜல்லியும் கிடக்கும் இடத்தில் கட்டைப் பொத்தான் உள்ளே புகுந்து பிடிக்கும். நீங்கள் பாதி நேரம் அப்படிப்பட்ட இடத்தில்தான் ஓட்டுகிறீர்கள். ஆனால் இந்தத் தம்பி வழுக்கியது ஈர இரும்பில். அங்கே புகுவதற்கு ஒன்றுமில்லை, எவ்வளவு ரப்பர் பரப்பு தொடுகிறது என்பதுதான் கணக்கு. கட்டைப் பொத்தானில் இடைவெளி அதிகம் என்பதால் தொடும் பரப்பு குறைவு. வண்டியைச் சாய்க்கும்போது உயரமான பொத்தான்கள் வளைந்து கொடுப்பதால் ஒரு மிதப்பு உணர்வும் வரும். ஏற்கெனவே பயந்திருப்பவருக்கு அந்த மிதப்பு ஆகாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தார்ச்சாலையில் சிறு கற்கள் துருத்திக்கொண்டிருக்கும், ரப்பர் அவற்றைச் சுற்றி அமுங்கித்தான் பிடிக்கிறது. நனைந்த இரும்புத் தகடு, ரயில் தண்டவாளம், சாலையில் பூசிய வெள்ளைக் கோடு ஆகியவற்றில் அப்படி எதுவும் இல்லை. எந்த விலை கொடுத்து எந்த டயர் வாங்கினாலும் அங்கே பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைக் கடப்பது போலத்தான் தகட்டையும் கடக்க வேண்டும்: முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியை நிமிர்த்தி, பிரேக்கைத் தொடாமல், திராட்டிலை மாற்றாமல் நேராக. திரும்புவதைத் தகடு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தண்டையார்பேட்டை ஸ்கூட்டர்:

அண்ணன்மார் டயரைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்கள். கேள்வியில் இருந்த பயத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. நான் எங்கள் தெருப் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், நானும் ஒருமுறை காசிமேட்டுப் பக்கம் மீன் தண்ணீர் ஒழுகிய சாலையில் விழுந்து ஒரு மாதம் வண்டியைத் தொடாமல் இருந்தவள். நல்ல டயர் போட்டு, காற்றைச் சரியாக வைத்த பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. காரணம், பயம் கைகளில் போய் உட்கார்ந்துவிட்டது. தோள் இறுகினால் முழங்கை நீண்டு விறைக்கும், ஹேண்டில் தன்னால் திரும்புவதை நம் கையே தடுக்கும், வண்டி வளையாது; வளையாததைக் கண்டு இன்னும் பயம் வரும். கண்ணும் அப்படித்தான். வழுக்கிய நாளிலிருந்து நீங்கள் முன் சக்கரத்துக்கு இரண்டடி முன்னால்தான் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

நான் செய்ததையும் செய்யச் சொல்வதையும் எழுதுகிறேன். ஞாயிறு விடியற்காலையில், லாரி வராத ஓர் அகலமான தெருவிலோ காய்ந்த மைதானத்திலோ, முதலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போய் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்ல அழுத்தி நிறுத்துங்கள். பத்து முறை செய்த பிறகு 30-க்குப் போங்கள். முன் பிரேக்கைத் திடீரென்று பிடிக்காமல், பழத்தைப் பிழிவது போலப் படிப்படியாக அழுத்துங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். உங்கள் வண்டி அதற்கு முந்தையதாக இருந்தால் அது இல்லாமலும் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு செங்கற்களை வைத்து எட்டுப் போடுங்கள். செங்கல்லைப் பார்க்காமல், அடுத்துத் திரும்ப வேண்டிய பக்கத்தைப் பாருங்கள். முழங்கால்களால் டாங்கை இறுக்கிப் பிடித்தால் கைகள் தானாகத் தளரும்.

இன்னொரு சிறிய எச்சரிக்கை: கைக்கருவி வாங்கிய புதிதில் சிலர் தினமும் மூன்று வேளை காற்றை அளப்பார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று போகும், அதை மறுபடி அளந்து மறுபடி பயப்படுவார்கள். வாரம் ஒருமுறை போதும்.

வியாசர்பாடியான்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சோப்பு நீர் வைத்தவுடனேயே முன் வால்வில் குமிழி வந்தது. டயரில் இருந்த எண்ணும் ஏழு ஆண்டுக்கு முந்தையது. நகம் பதியவே இல்லை. அதே அளவில் சாலை டயர் வாங்கினேன், செய்து ஒன்பது வாரம்தான் ஆகியிருந்தது. வால்வை மாற்றினேன். பின் டயரில் 28 வைத்திருக்கிறேன், மனைவி வரும் நாட்களில் 32. முதல் நாள் ஹேண்டில் இவ்வளவு இலேசாக இருக்குமா என்று சந்தேகப்பட்டு ஒருமுறை இறங்கிக்கூடப் பார்த்தேன்.

அக்கா சொன்ன பந்தயத்தில் தோற்றுவிட்டேன். முன் சக்கரத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஞாயிறு எட்டுப் போட்டேன், இரண்டாவது ஞாயிறுதான் செங்கல் மறந்தது. மூலக்கடைத் தகடு இன்னும் அங்கேயே இருக்கிறது. நேற்று மழையில் நேராகக் கடந்து, அதற்கப்புறம் திரும்பினேன். பின் சக்கரம் ஒரு விரற்கடை விலகியது போல இருந்தது, ஆனால் கையை இறுக்காமல் விட்டேன், தானாக நேரானது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். 41 பிஎஸ்ஐயில் நெடுநாள் ஓட்டியதால் பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது, ஓரங்கள் புதிது போல இருக்கின்றன. மாற்ற வேண்டுமா, ஓட்டலாமா?

ஒற்றியூர் ரப்பர்காரர்:

பக்கவாட்டின் மேல் விளிம்பில் சிறு முக்கோணக் குறி இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் சிறு மேடு ஒன்று தெரியும். நடுப்பகுதி அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். அதற்கு இன்னும் இடம் இருந்தால் இந்த மழைக்காலத்தை மட்டும் கவனமாக ஓட்டலாம். ஆனால் தட்டையான நடுவிலிருந்து உருண்டையான ஓரத்துக்கு வண்டி சாயும்போது ஒரு படியில் இறங்குவது போல இருக்கும், அது டயரின் வடிவத்தால் வருவது, சறுக்கல் அல்ல. மாற்றும்போது அதே 100/90 வாங்குங்கள்.